மூன்றாவது மேசை

லா பாஸ்
12 மே 1991

தோன்யா சொராய்தா அவர்களுக்கு,

காசில்டா எழுதுகிறேன். தங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, மிர்த்தாவும் எர்லானும் எப்படி இருக்கிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். கேட்க உனக்கு என்ன உரிமை என்பீர்கள். உரிமை இல்லாவிட்டாலும் கேட்பது மரியாதை. இங்கே நான் நிற்கிறேன், நடக்கிறேன், விடிகாலையில் பேருந்து நிலைய வாசலில் மக்காச்சோளக் கஞ்சி விற்கிறேன். என் சுகம் அவ்வளவுதான்.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லியோன்சியோ போனது 1989 செப்டம்பரில். அந்த நவம்பரிலேயே அவருக்கு முதல் படையல் மேசை போட்டேன். போன நவம்பரில் இரண்டாவது. வருகிற நவம்பர் ஒன்றாம் தேதி மூன்றாவது. எங்கள் மலையில் செத்த வருஷத்தையே ஒன்று என்று எண்ணுவோம். ஆத்மா மூன்று தடவைதான் வீட்டுக்கு வரும். ஒன்றாம் தேதி உச்சிப்பொழுதில் வந்து மேசையில் உட்காரும், மறுநாள் உச்சிப்பொழுதில் கிளம்பும். மூன்றாவது தடவை கிளம்பினால் கிளம்பியதுதான். அதற்குப் பிறகு வராது.

இரண்டு மேசைக்கும் ஜெபம் சொல்லத் தெருப் பிள்ளைகள்தான் வந்தார்கள். ஜெபம் சொன்னால் பை நிறைய ரொட்டி கிடைக்கும் என்று வீடு வீடாக ஓடுகிற பிள்ளைகள். போன வருஷம் ஒருவன் வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு, "லியோனார்தோவின் ஆத்மாவுக்காக" என்று ஆரம்பித்தான். "லியோன்சியோடா" என்றேன். "சரி, அவருக்கும் சேத்து" என்றான். சிரித்துவிட்டேன். அப்புறம் பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது.

பெற்ற பிள்ளை சொல்லும் ஒரு ஜெபம் ஊர்ப் பிள்ளைகள் சொல்லும் நூறுக்குச் சமம் என்பார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு இரண்டு இருக்கிறார்கள். அவர் கடைசியாக வருகிற தடவை அவர்களைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாங்கள் லா பாஸுக்கு வர வேண்டும். என் அறையில் கட்டில் ஒன்று உண்டு, அது உங்கள் மூவருக்கும். நான் தரையில் படுத்துக்கொள்வேன்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பணிவுடன்,
காசில்டா


மொந்தெரோ
20 ஜூன் 1991

காசில்டாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பிள்ளைகள் சுகம். நானும் சுகம். நீயும் சுகமாக இரு, எனக்கு அதில் நஷ்டமில்லை.

பிள்ளைகளை அழைத்து வர முடியாது. எர்லானுக்கு ஏழு வயது, குளிர்காற்று பட்டால் இரண்டு நாள் இருமுவான். உங்கள் ஊர் உயரத்துக்கு மூக்கிலிருந்து ரத்தம் வரும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். அவள் மலையைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் சொல்கிறாள். கரும்பு வெட்டு நடக்கிற நேரம். ஆலை வாசலில் மரவள்ளி ரொட்டி சுட்டு விற்கிறேன். அதை விட்டுவிட்டு வந்தால் அடுப்பை வேறொருத்தி பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொள்வதில் சிலர் கெட்டிக்காரிகள், உனக்குத் தெரியாததா.

இன்னொன்று. அந்த மனுஷன் உன்னிடம் வருகிற வழியில் செத்தான். சாகும்போதும் முகம் உன் பக்கம்தான் இருந்தது. அப்படிப்பட்டவன் உன் ரொட்டியைத் தின்றுவிட்டு உன் வாசலிலிருந்தே போகட்டும். என் பிள்ளைகளை எதற்குக் கூப்பிடுகிறான்? கூப்பிடுவது அவனா, நீயா?

அடக்கத்துக்குக் கூப்பிடாதவள் விருந்துக்குக் கூப்பிடுகிறாய்.

சொராய்தா


லா பாஸ்
7 ஜூலை 1991

தோன்யா சொராய்தா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம் என்று படித்ததில் மனது நிறைந்தது. எர்லானின் இருமலுக்குக் கோழிக்கொழுப்பைச் சுடவைத்து நெஞ்சில் தேயுங்கள்.

அடக்கத்துக்குக் கூப்பிடாதது என் குற்றம்தான். அவருடைய அடையாள அட்டையில் இந்த வீட்டு விலாசம் இருந்தது. அதனால் என் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். எனக்கு அன்று கை ஓடவில்லை. தந்தி கொடுக்கும்போது இரண்டு நாள் ஆகிவிட்டது. தாங்கள் என்னை வைவது நியாயம். பிள்ளைகள் பாவம், அவர்களுக்கு இதில் என்ன.

உயரத்துக்குப் பயப்பட வேண்டாம். ஒரேயடியாக ஏறாமல் கொச்சபம்பாவில் ஒரு நாள் தங்குங்கள். வந்து இறங்கிய அன்று வயிற்றுக்குக் கொஞ்சமாகப் போடுங்கள். நடக்க வேண்டாம், பேச வேண்டாம், கோக்கா இலைத் தேநீர் குடித்துவிட்டுப் படுக்கட்டும். நிலையத்தில் என் பக்கத்தில் எலுமிச்சை விற்கும் நிக்கோலாசாவிடம் கேட்டேன். "வெயில்காரப் புள்ளைங்க வருமாடி?" என்றேன். "வரட்டுமே. மூச்சைக் கீழயே விட்டுட்டு வந்துடும். அது அடுத்த பஸ்ல வந்து சேந்துக்கும்" என்றாள். அவள் அப்படித்தான் பேசுவாள். நல்லவள்.

மூன்றாவது மேசை ஒரே ஒரு தடவைதான் வரும். எனக்காக இல்லாவிட்டாலும் யோசியுங்கள்.

பணிவுடன்,
காசில்டா


மொந்தெரோ
25 ஆகஸ்டு 1991

காசில்டா,

சுகம். கோழிக்கொழுப்பு வேலை செய்தது. சொல்லாமல் இருந்தால் தப்பு, அதனால் சொல்கிறேன்.

எர்லானுக்கு அப்பன் முகம் மறந்துபோயிற்று. டீசல் வாசனை வந்தால் மட்டும் நிமிர்ந்து பார்க்கிறான். போன வாரம் ரோட்டில் ஒரு லாரிக்காரன் டயர் மாற்றிக்கொண்டிருந்தான். பையன் போய் அவன் பக்கத்தில் குந்திக்கொண்டான். "என்னடா வேணும்?" என்றான் லாரிக்காரன். "ஒண்ணுமில்ல, நீங்க பாருங்க" என்றான். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து இதெல்லாம் என் கண்ணில் படுகிறது. முன்னால் படவில்லை.

உன்னை ஒன்று கேட்கிறேன். அவன் இங்கிருந்து சர்க்கரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது செப்டம்பர் பத்து. உன் ஊருக்கு இரண்டு நாள் பாதை. லாரி பள்ளத்தில் விழுந்தது பத்தொன்பது. ஒன்பது நாள் வழியில் என்ன செய்தான்? லாரி கெட்டுப்போயிருக்கும் என்று முதல் வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வருஷம் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

உனக்குத் தெரிந்திருந்தால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சொராய்தா


லா பாஸ்
22 செப்டம்பர் 1991

தோன்யா சொராய்தா அவர்களுக்கு,

தாங்களும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் முதுகு வலி, வேறு குறை இல்லை.

எர்லான் லாரிக்காரன் பக்கத்தில் குந்தியதை நிக்கோலாசாவுக்குப் படித்துக் காட்டினேன். எலுமிச்சைச் சாறு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேசைக்கு எல்லாம் தயார் செய்கிறேன். ரொட்டி சுட அக்டோபர் முப்பதாம் தேதி அடுப்புக்காரரிடம் முறை வாங்கியாயிற்று. மாவைத் தலையில் சுமந்துகொண்டு தெருவே அங்கேதான் போகும். ரொட்டியில் ஏணி செய்வோம், ஆத்மா இறங்கி வர. குதிரை செய்வோம், சுமையோடு திரும்ப. மனுஷ ரொட்டிக்கு வைக்க மீசையுள்ள சுண்ணாம்பு முகம் ஒன்று வாங்கினேன். அவரைப் போல இல்லை. மீசை மட்டும் அவரைப் போல. கறுப்புத் துணியைத் துவைத்து வைத்தேன். வேர்க்கடலை சூப்பும் வைப்பேன், அதற்குத்தான் அவர் உயிரை விடுவார். மேசையின் இரண்டு பக்கமும் கரும்பு கட்ட வேண்டும். இங்கே கிடைக்கும் கரும்பு விரல் பருமன்தான். முடிந்தால் உங்கள் ஊர்க் கரும்பு இரண்டு கொண்டு வாருங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை, பிள்ளைகள் வந்தால் போதும்.

தங்கள் கேள்வியைப் படித்தேன்.

இங்கே மழை முன்னதாகவே தொடங்கிவிட்டது.

பணிவுடன்,
காசில்டா


மொந்தெரோ
16 அக்டோபர் 1991

காசில்டா அத்தைக்கு,

நான் மிர்த்தா. எனக்குப் பதினொரு வயது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? நாங்கள் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்களை அத்தை என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

அம்மா உங்கள் கடிதங்களை மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறாள். படித்துவிட்டுத் திட்டுவாள், அப்புறம் திரும்பப் படிப்பாள். நேற்று நான், "அம்மா, நாம போறோமா?" என்று கேட்டேன். அம்மா விரலை மடக்கி எண்ணினாள். "உங்கப்பா செத்தது எம்பத்தொம்பது செப்டம்பர். தொண்ணூறு வந்தா ஒரு வருசம், தொண்ணூத்தொண்ணு வந்தா ரெண்டு, தொண்ணூத்திரண்டு வந்தாத்தான் மூணு. அந்த மலைக்காரிக்கு எண்ணத் தெரியல. செத்த அன்னைக்கே எவனுக்காச்சும் ஒரு வயசு ஆகுமா? மூணாவது மேசை அடுத்த வருசம்தான். அப்பப் பாக்கலாம்" என்றாள்.

பார்க்கலாம் என்றாள். போக மாட்டோம் என்று சொல்லவில்லை. அதனால் இந்த வருஷம் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எர்லான் கேட்கிறான், குதிரை ரொட்டியைத் தின்னலாமா, இல்லை பார்க்க மட்டும்தானா?

அன்புடன்,
மிர்த்தா


லா பாஸ்
12 நவம்பர் 1991

மிர்த்தா கண்ணுக்கு,

அத்தை என்று எழுதலாம். உன் கடிதம் நான்கு நாள் முன்னால்தான் என் கைக்கு வந்தது. சாலை மறியல் என்று பேருந்தெல்லாம் வழியில் நின்றுவிட்டது. உன் காகிதமும் அதோடு நின்றிருக்கிறது. நீயும் தம்பியும் அம்மாவும் சுகம்தானே?

இந்த வருஷம் நான் சின்னதாக ஒரு மேசை போட்டேன். மறியலில் அகப்படாமல் உங்கள் பக்கத்துப் பேருந்துகள் சில வந்தன. கஞ்சி விற்கும் இடம் அதுதானே, இறங்குகிறவர்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கைப் பற்றி எழுதியிருந்தாய். இங்கே பெரியவர்களிடம் கேட்டேன். உன் அம்மா எண்ணியதுதான் சரியாம். செத்த வருஷத்தைச் சேர்க்கக் கூடாதாம். நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன். அம்மாவிடம் அப்படியே சொல். மூன்றாவது மேசை 1992 நவம்பரில். அதுதான் கடைசி, அதுதான் பெரிது. இங்கே யாராவது வேறு மாதிரி சொன்னால் காதில் வாங்காதே.

குதிரை ரொட்டியைத் தின்னலாம். காலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று எர்லானிடம் சொல், தலையை முதலில் கடித்தால் குதிரைக்கு வழி தெரியாமல் போய்விடும்.

உன்,
காசில்டா அத்தை


மொந்தெரோ
3 பிப்ரவரி 1992

காசில்டா,

புது வருஷம் உனக்கு நல்லபடி பிறந்திருக்கட்டும். நாங்கள் சுகம். மிர்த்தா ஆறாம் வகுப்புப் போகிறாள். எனக்குத் தெரியாமல் அவள் எழுதியது தெரிந்துபோயிற்று. அடிக்கவில்லை. நீ எழுதிய பதிலையும் படித்தேன்.

மூன்று கடிதத்தில் போன வருஷ மேசைதான் கடைசி என்று அடித்து எழுதினாய். இப்போது என் கணக்கு சரி என்கிறாய். மலைக்காரி ஒருத்தி தன் கணக்கை விட்டுக்கொடுத்து நான் இதுவரை பார்த்ததில்லை. போகட்டும். எனக்கு அதில் லாபம்தான்.

ஆனால் ஒன்பது நாள் கணக்குக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. மழையைப் பற்றி எழுதினாய். மழை இங்கேயும் பெய்கிறது.

பிள்ளைகளை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்து, அப்பா இவளிடம் வரும்போதுதான் செத்தார், அதனால்தான் இவள் வீட்டில் மேசை என்று நான் காட்ட வேண்டும். அதைக் காட்டும் தெம்பு எனக்கு இல்லை. என்ன நடந்தது என்று எழுது. எழுதினால் பயணத்தைப் பற்றிப் பேசலாம். எழுதாவிட்டால் இதோடு நிறுத்திக்கொள்வோம்.

சொராய்தா


லா பாஸ்
28 மே 1992

தோன்யா சொராய்தா அவர்களுக்கு,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று இந்த நான்கு மாதமும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதைக் கிழிப்பதற்குள் நிக்கோலாசா கையில் கொடுத்துப் பேருந்து ஓட்டுநரிடம் சேர்க்கச் சொல்லிவிடுவேன்.

லாரி பன்னிரண்டாம் தேதியே இங்கே வந்துவிட்டது. சர்க்கரையை இறக்கினார். ஒரு வாரம் வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்காராமல் கட்டில் ஓரமாக நின்றுகொண்டு சொன்னார்.

"காசில்டா, பையன் பள்ளிக்கூடம் போற வயசாச்சு. நான் கீழ போறேன்."

"எப்ப திரும்புவ?"

"திரும்பல."

"லாரிக்காரன் திரும்பாம எங்க போவான்?"

"மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். இந்த ஒரு நடை. லாரிய அங்க ஒருத்தன்கிட்ட ஒப்படைச்சிட்டு, ஆலையிலயே வேலை பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. சண்டை போட்டிருந்தால் எனக்கு இப்போது சுலபமாக இருந்திருக்கும். திங்கள்கிழமை தன் துணிகளை ஒரு அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டினார். அந்தச் சாக்கில் சின்ன அளவில் இரண்டு கம்பளிச் சட்டையும் இருந்தது. உங்கள் ஊர் வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை வாசலில் நின்று, "போயிட்டு வரேன்னு சொல்ல முடியல" என்றார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  கொச்சபம்பா இறக்கத்தில் அன்று சாயங்காலம் விழுந்தார். போலீஸ்காரர் கொடுத்த காகிதத்தில் வண்டி காலி, கீழ்நோக்கிப் போனது என்று எழுதியிருக்கிறது. அதை நான் யாருக்கும் காட்டவில்லை.

அவரைக் கொண்டுவந்து இறக்கியபோது தெரு முழுக்க வந்து நின்றது. "உங்கிட்ட வர்றப்பதானா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு தடவை சொன்னதும் அதுவே நிலைத்துவிட்டது. தங்களுக்குக் கொடுத்த தந்தியிலும் அதையே எழுதச் சொன்னேன். கோவிலில் வைத்துக் கல்யாணம் ஆகாதவள், பிள்ளை பெறாதவள், கடைசியில் அவர் என்னை விட்டுப் போனார் என்பதும் சேர்ந்தால் எனக்கு அழுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது என்று நினைத்தேன்.

அவர் முகம் உங்கள் பக்கம்தான் இருந்தது. பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கம்பளிச் சட்டைகளைத் துவைத்து வைத்திருக்கிறேன். இப்போது அவர்களுக்குச் சிறியதாகிப் போயிருக்கும்.

காசில்டா


மொந்தெரோ
4 அக்டோபர் 1992

காசில்டா,

சுகம். நீ சுகம்தானா?

நான்கு மாதம் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. முதல் மாதம் உன்னைத் திட்டினேன். அதற்கப்புறம் அந்த மனுஷனைத் திட்டினேன். இப்போது கரும்பு வெட்டு முடியப்போகிறது, திட்டுவதற்கும் ஆள் இல்லை.

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். "அப்பா நம்மகிட்டதான் வந்துக்கிட்டிருந்தாரு" என்றேன். மிர்த்தா எழுந்து வெளியே போய்க் கோழிகளுக்குத் தீனி போட்டாள். ஏற்கனவே போட்டாயிற்று, இருந்தாலும் போட்டாள். எர்லான், "இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று என்னைக் கோபித்தான்.

முப்பதாம் தேதி காலைப் பேருந்தில் வருகிறோம். கரும்பு கொண்டு வருகிறேன். மிர்த்தாவுக்குக் காலில் கம்பளி உறை வேண்டும், உன்னிடம் இருந்தால் எடுத்து வை. நிலையத்தில் எங்களை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாய் என்று எர்லான் கேட்கிறான். கண்டுபிடிப்பாள்டா என்றேன்.

சொராய்தா


மொந்தெரோ
15 நவம்பர் 1992

காசில்டாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். உன் முதுகு எப்படி இருக்கிறது? தரையில் படுக்காதே என்று சொன்னேன், கேட்டாயா. எர்லானுக்குத் தலைவலி போய்விட்டது. மூச்சும் வந்து சேர்ந்துவிட்டது என்று நிக்கோலாசாவிடம் சொல்லச் சொன்னான்.

இங்கே வந்ததிலிருந்து உன் ஊர்ப் பேச்சுதான். மேட்டிலிருந்து பேருந்து இறங்கியபோது, "இவ்ளோ வீட்டையும் யாரும்மா பள்ளத்துல கொட்டுனது?" என்று எர்லான் கேட்டானே, அதை ஆலை வாசலில் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருக்கிறான். உன் தெருப் படிக்கட்டில் பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தவன், இங்கே வந்து ஓடியே ஏறினேன் என்கிறான். மிர்த்தா மறுக்கவில்லை. அவள் மூன்று நாளும் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்போது இல்லை, அப்போது இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். உச்சிப்பொழுதுக்கு முன்னால் ஜெபக்காரர் தோன் கலிஸ்தோ உள்ளே வந்தார் அல்லவா. நான் சமையல் மூலையில் இருந்தேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"என்ன காசில்டா, இந்த ஆளைப் போன வருசமே மேளம் வெச்சு அனுப்பிட்டோமே! நாலாவது மேசையெல்லாம் யாரும் போட மாட்டாங்க. கூப்பிட்டுக் கூப்பிட்டு வெச்சா ஆத்மா வாசப்படியிலயே நின்னுக்கும், தெரியுமில்ல?"

"நீங்க ஜெபத்தச் சொல்லுங்க. ரொட்டி ரெண்டு பங்கு தரேன்."

"ரெண்டு பங்கா? அப்ப நான் எண்ணல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். போன வருஷம் இரண்டு நாளும் நீ கஞ்சியைக்கூட விற்காமல் எங்கள் பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு பேருந்தின் கதவிலும் போய் நின்றாய் என்று நிக்கோலாசா சொன்னாள். கரும்பு வாங்காமல் மேசையின் இரண்டு பக்கமும் காலியாக விட்டிருந்தாயாம், வந்துவிடும் வந்துவிடும் என்று. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் பிள்ளைக்கு எழுதினாய்.

மிர்த்தாவும் கலிஸ்தோ பேசியதைக் கேட்டிருக்கிறாள். திரும்பி வரும் வழியில் ஒருரோ ஊரைத் தாண்டினோம். அப்புறம், "அம்மா, மூணாவது போன வருசமே முடிஞ்சுபோச்சா? அப்ப இந்த வருசம் மேசைக்கு யாருமே வரலையா?" என்றாள்.  எர்லான் தூங்குகிறான் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டே, "ஏன், நான் வந்தேன்ல? அப்பா சூப்பையும் நான்தான் குடிச்சேன். யாரும் பாக்கல" என்றான். முன் இருக்கைக்காரி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எண்ணத் தெரியாதவள் நான்தான். அந்தத் தப்பால் போன வருஷம் உன்னைத் தனியாக நிற்க வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இதை அப்படி எடுத்துக்கொள்.

உன் அக்கா என்று எழுதினால் உனக்குக் கோபம் வருமா?

சொராய்தா


லா பாஸ்
6 டிசம்பர் 1992

என் அக்காவுக்கு,

கோபம் வரவில்லை. கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டுக் கஞ்சியைத் தீயவிட்டேன். அன்று குடித்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. முதுகு தேவலை. அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எர்லானை மழையில் விட வேண்டாம்.

எல்லாம் தெரிந்துவிட்ட பிறகு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மூன்றாவது மேசைக்கு மறுநாள் உச்சிப்பொழுது மணி அடித்தது. கலிஸ்தோ வழி அனுப்புகிற ஜெபத்தைச் சொன்னார். தெரு முழுக்க நின்று "போ, நல்லபடியாப் போ" என்று சொன்னது. நான் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் கிளம்பிய நாள் வாசலில் நின்று சொன்னபோதும் நான் பேசவில்லை, இந்த உச்சிப்பொழுதிலும் பேசவில்லை. துக்கக் கறுப்பை அவிழ்க்கச் சொன்னார்கள், அவிழ்த்தேன். மேளம் அடித்தது, நடந்தேன். வாய் மட்டும் வரவில்லை. என்னை விட்டுப் போனவரைப் போ என்று நான் வேறு சொல்ல வேண்டுமா என்று இருந்தது. அதனால் அவர் போன வருஷம் போனாரா, வாசப்படியில் நின்றாரா என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. நாலாவது மேசை உங்களுக்காகப் போட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான்.

இந்தத் தடவை கல்லறையில் நீங்கள் மிர்த்தாவுக்குத் தண்ணீர் வாங்கப் போயிருந்தீர்கள். எர்லான் ஏணியில் ஏறி, சுவர் மாடத்தில் உயரமாகப் பதித்த, அப்பா பெயர் எழுதிய கல்லுக்கு முகத்தை நேராக வைத்துக்கொண்டான். "போயிட்டு வா அப்பா" என்றான். கீழே நின்ற கலிஸ்தோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வான்னு சொல்லாதடா பையா, போன்னு மட்டும் சொல்லு!" என்றார். எர்லான் கல்லின் பக்கமே திரும்பிக்கொண்டான். மூச்சு வாங்கியது அவனுக்கு. "சரி. போ அப்பா. மெதுவா ஓட்டு" என்றான்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது நானும் சொன்னேன். சத்தமாக இல்லை. சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு வீடு பெரிதாகிவிட்டது. ஒரே அறைதான், ஆனாலும் பெரிது. மூன்று வருஷமாக நவம்பர் நவம்பர் என்று மாவுக்கும் சீனிக்கும் அலைந்தவளுக்கு இப்போது எந்த மாதமும் ஒன்றுதான். கட்டிலில் படுக்கிறேன். மிர்த்தாவின் தலைமுடி இரண்டு போர்வையில் இருக்கிறது, எடுக்கவில்லை.

அக்கா, அடுத்த நவம்பரில் மேசை கிடையாது. கலிஸ்தோ ரொட்டி மூன்று பங்கு கேட்டாலும் கிடையாது. ஆத்மா இல்லை, ஜெபம் இல்லை, கரும்பு வேண்டாம். உங்களைக் கூப்பிட என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை. பேருந்து வருகிற நேரத்தில் நான் எப்படியும் நிலைய வாசலில்தான் நிற்பேன், அது என் பிழைப்பு.

காரணம் இல்லாமல் வருவீர்களா?

தங்கை,
காசில்டா